இண்டிகோ: ஓர் ஆங்கில நிறச்சொல்லின் வரலாறு

இண்டிகோ என்பது நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட ஆழ்ந்த நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். அந்த நிறத்தைத் தரும் சாயப்பொருளுக்கும், சாயம் எடுக்கப்படும் செடிக்கும் இதுவே பெயர். அச்செடியைத் தமிழில் அவுரி என்கிறோம். நீலி என்றும் சொல்வதுண்டு. தமிழ்ப் பாடநூல்கள் இண்டிகோவைக் கருநீலம் என்று மொழிபெயர்க்கின்றன. அது தவறன்று. ஆனால் கருநீலம் என்ற சொல் நிறத்தின் அடர்த்தியை மட்டுமே சொல்கிறது. இண்டிகோ என்ற சொல்லுக்குள் ஒரு நாட்டின் பெயரும், ஒரு பயிரும், அதில் உழைத்தவர்களின் வரலாறும் உள்ளன. அவற்றை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்பிறப்பு

கிரேக்கர்கள் இந்தியாவிலிருந்து வந்த நீலச் சாயத்தை இந்திகோன் என்றனர். அதற்கு ‘இந்தியப் பொருள்’ என்பதே பொருள். உரோமானியர் அதை இலத்தீனில் இந்திகம் என்று வழங்கினர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தமது இயற்கை வரலாறு என்னும் நூலில் இப்பொருளைக் குறிப்பிடுகிறார். அவருக்கு இது செடியிலிருந்து கிடைப்பது என்று தெரியவில்லை. நாணலின் நுரையில் ஒட்டும் சேறு என்று எழுதினார். கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையும் சொன்னார்: தணலில் இட்டால் உண்மையான சாயம் ஊதாச் சுடர் விட்டு எரியுமாம். அதே நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் செலவு நூலான பெரிப்ளூஸ், சிந்து ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பார்பரிக்கோன் துறையின் ஏற்றுமதிகளுள் ‘இந்தியக் கருமை’ என்ற ஒன்றைச் சொல்கிறது. அது இச்சாயமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இலத்தீன் சொல் ஸ்பானியம், போர்த்துகீசியம் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. தொடக்கத்தில் இண்டிகோ என்று மட்டுமன்றி ‘இண்டிக்கோ’ என்று ககரம் அழுத்தமாக ஒலிக்கும் வடிவிலும் எழுதினர். அதற்கு முன்பே பிரெஞ்சு வழியாக வந்த ‘இண்ட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் இந்தியாவின் பெயர்தான். ஆக, இந்த ஆழ்ந்த நீலத்துக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பெயர்கள் ஒன்றுக்கு இரண்டாக நம் நாட்டின் பெயரைத் தாங்கி நின்றன.

ஒரு சொல், மூன்று நிறங்கள்

இண்டிகோ என்றால் சரியாக எந்த நிறம் என்ற கேள்வியை வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. வானவில்லின் ஏழு நிறங்களை விப்ஜியார் என்று மனப்பாடம் செய்யும்போது, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே இன்னொரு நிறம் தங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையே என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இச்சொல் மூன்று இடங்களில் மூன்று நிறங்களைக் குறிக்கிறது.

முதலாவது, சாயத்தின் நிறம். அவுரியில் தோய்த்த துணி சற்றே சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலமாக இருக்கும். புதிய ஜீன்ஸ் துணியின் நிறம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் மட்டும் நீலம். ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் துணியின் உட்புறம் வெளுத்துத் தெரிகிறது.

இரண்டாவது, நிறமாலையின் நிறம். ஐசக் நியூட்டன் 1672இல் இலண்டன் அரசு கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தை முதன்மையாகச் சொல்லி, அவற்றோடு ஆரஞ்சையும் இண்டிகோவையும் சேர்த்துக் குறிப்பிட்டார். 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் நிறங்கள் ஏழு என்று நிலைபெற்றன. இசையின் ஏழு சுரங்களுக்கும் நிறங்களுக்கும் ஒப்புமை காண விரும்பியதும் இந்த எண்ணுக்கு ஒரு காரணம். நியூட்டன் நீலம் என்று சொன்னது இன்றைய வான்நீலத்தை ஒத்த நிறம், இண்டிகோ என்று சொன்னதே இன்று நாம் நீலம் என்பது என்று விளக்குவோரும் உண்டு. இக்காலத்தில் இண்டிகோவைத் தனி நிறமாக எண்ணாமல் ஆறு நிறங்களோடு நிறுத்தும் நூல்களும் இருக்கின்றன.

மூன்றாவது, கணினித் திரையின் நிறம். இணையப் பக்கங்களுக்கான நிறப்பட்டியலில் இண்டிகோ என்பது சிவப்பு 75, பச்சை 0, நீலம் 130 என்ற கலவை. பார்த்தால் கத்தரிப்பூ நிறம் போலத் தோன்றும். ‘எலெக்ட்ரிக் இண்டிகோ’ என்ற பெயரில் வழங்குவது சிவப்பு 111, பச்சை 0, நீலம் 255. அது கண்ணைப் பறிக்கும் ஊதா. அவுரித் தொட்டியில் இப்படியொரு நிறம் கிடைக்காது. சாயத்தை விட்டு நிறத்தின் பெயர் தனியே பிரிந்து வெகுதூரம் போய்விட்டது என்பதற்கு இதுவே சான்று.

எனவே ஓர் ஆங்கிலப் பத்தியில் இச்சொல்லைக் காணும்போது, பேச்சு துணியைப் பற்றியதா, ஒளியைப் பற்றியதா, திரையைப் பற்றியதா என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். இலக்கிய வழக்கில் இன்னொரு சாயலும் உண்டு. சூரியன் மறைந்து இருள் முழுதும் கவியாத வானத்தை இண்டிகோ என்பர். சோகமான மனநிலைக்கு ஆங்கிலத்தில் நீலத்தைச் சொல்வது வழக்கம். அதிலும் ஆழ்ந்த சோகத்துக்கு இண்டிகோ பொருந்தியது. டியூக் எலிங்டன் 1930இல் இசைத்த ‘மூட் இண்டிகோ’ என்ற புகழ்பெற்ற ஜாஸ் இசைப்பாடலின் பெயர் இப்படி அமைந்ததே.

நேவி புளூ என்ற சொல்லையும் இதனோடு குழப்பிக்கொள்வார்கள். 1748இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு ஏற்பட்ட சீருடையின் நிறத்திலிருந்து வந்த பெயர் அது. அல்ட்ராமரின் என்பது ‘கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்று பொருள்படும்; ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்துச் செய்த வண்ணம். இண்டிகோ செடியிலிருந்து வந்தது. அல்ட்ராமரின் கல்லிலிருந்து வந்தது.

இலையிலிருந்து நீலம் வரும் விதம்

அவுரி ஒரு சிறு புதர்ச்செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை பச்சையாகத்தான் இருக்கும். பூ இளஞ்சிவப்பு. செடியில் எங்கும் நீலம் தெரியாது. இலையில் இண்டிகன் என்ற நிறமற்ற பொருள் உள்ளது. இலையை நீரில் ஊறவைத்தால் நொதித்து அது வேறொரு பொருளாக மாறி நீரில் கரையும். அந்த நீரை வடித்து வேறு தொட்டியில் விட்டு, காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால், ஆக்சிஜனோடு சேர்ந்து நீலமாகித் திரண்டு அடியில் படியும். படிவை வடிகட்டிக் காய்ச்சி, பிழிந்து, கட்டிகளாக அறுத்து உலர்த்துவர்.

இந்தக் கட்டி நீரில் கரையாது. கரையாத பொருளைத் துணியில் ஏற்றுவது எப்படி? இங்கேதான் சாயக்காரரின் திறமை. சுண்ணாம்பு போன்ற காரப்பொருளும் நொதிக்கவைக்கும் பொருளும் சேர்த்துத் தொட்டியை ‘உயிரோடு’ வைத்திருப்பார்கள். அப்போது சாயம் வேதியியல் ஒடுக்கமடைந்து, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கரைந்திருக்கும். துணியை முக்கி எடுக்கும்போது அது பச்சையாகவே வெளிவரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். எத்தனை முறை முக்குகிறோமோ அத்தனை ஆழம் கூடும். வெந்நீரில் கொதிக்கவைக்கும் சாயங்களைப் போலன்றி, அவுரி நூலின் மேலேயே படிந்து நிற்கிறது. அதனால் தேயத் தேய வெளுக்கும். ஆனால் கழுவுவதால் எளிதில் போகாது.

பஞ்சதந்திரத்தில் நீலச் சாயத் தொட்டியில் விழுந்து காட்டுக்கே அரசனான நரியின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஊருக்குள் சாயத் தொட்டிகள் இருந்த காலத்தின் கதை அது.

வெள்ளாற்றின் இருபுறமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. வடக்கே வெள்ளாற்றைக் கடந்தால் பழைய தென்னாற்காடு மாவட்டம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த இடங்களில் தென்னாற்காடும் ஒன்று. மற்றவை கடப்பை, நெல்லூர், கர்நூல் ஆகியவை. கடப்பைப் பகுதிச் சரக்கு இலண்டன் சந்தையில் ‘கர்ப்பா’ என்ற பெயரில் விலைபோனது. கடப்பை என்ற ஊர்ப்பெயரின் திரிபே அது.

வெள்ளாறு கடலில் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. அதற்கு வடக்கே கடலூரும் புதுச்சேரியும் உள்ளன. சோழமண்டலக் கடற்கரையின் இத்துறைகளுக்கு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் துணி வாங்குவதற்காகவே வந்தனர். நீலச் சாயமிட்ட துணி அவற்றுள் முக்கியமானது. புதுச்சேரியில் ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே வேலம்பிசின் வணிகத்தில் அது பணத்தைப் போலவே கைமாறியது. தமிழ்நாட்டு நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணி, அவர்கள் பெயர்கூடக் கேட்டிராத நாட்டில் நாணயமாக விளங்கியிருக்கிறது.

நம் பக்கத்துச் சாயத்தொழிலுக்கு ஒரு தனிமுறை இருந்தது. வங்காளத்தில் பச்சை இலையை அறுத்த கையோடு ஊறவைப்பர். சோழமண்டலப் பகுதியில் இலையை வெயிலில் உலர்த்தி, தண்டிலிருந்து உதிர்த்துச் சேமித்து, பிறகு ஊறவைக்கும் உலர்இலை முறை வழக்கத்தில் இருந்தது. உலர்ந்த இலையை வைத்திருந்து வேண்டும்போது பயன்படுத்தலாம். இங்கே பெரும்பாலும் உழவர்களே தம் நிலத்தில் பயிரிட்டு, ஊர்த் தொட்டிகளில் சாயம் எடுத்தனர். சாயம் எடுத்த பின் எஞ்சும் சக்கை வயலுக்கு எருவாகும்.

பெரம்பலூர், அரியலூர் வயல்களில் இச்சொல்லின் வேறு இரண்டு தடயங்களைக் காணலாம். ஒன்று கொழுஞ்சி. பசுந்தாள் உரமாக மடக்கி உழும் இச்செடிக்கு ஆங்கிலத்தில் ‘காட்டு இண்டிகோ’ என்று பெயர். அவுரியோடு தோற்ற ஒற்றுமை இருப்பதால் இப்பெயர் வந்தது. மற்றொன்று வெட்பாலை. வறண்ட மலைக்காடுகளில் வளரும் இம்மரத்தின் இலையிலிருந்தும் நீலம் எடுக்க முடியும். ஆங்கிலேயர் அதைப் ‘பாலா இண்டிகோ’ என்று எழுதினர். நம் பாலை மரத்தின் பெயரே அதில் இருக்கிறது. செயங்கொண்டம் வட்டாரத்தில் இன்றும் நெசவு நடக்கிறது. ஆனால் தறிக்கு வரும் சாயநூலில் செடிச்சாயத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. அதற்கான காரணத்தை அறிய ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

அனில் முதல் அனிலின் வரை

இண்டிகோவுக்கு ஆங்கிலத்தில் அனில் என்ற மற்றொரு பெயர் இருந்தது. நீலம் என்ற வடசொல் அரபியில் ‘அந்நீல்’ ஆயிற்று. போர்த்துகீசியர் அதை அனில் என்றனர். 1840ஆம் ஆண்டளவில் பிரிட்சே என்ற வேதியியலார் இண்டிகோவைக் காரத்தோடு சூடாக்கி ஓர் எண்ணெயைப் பெற்றார். அனிலிலிருந்து கிடைத்ததால் அதற்கு அனிலின் என்று பெயரிட்டார். 1856இல் வில்லியம் பெர்க்கின் அனிலினிலிருந்து முதல் செயற்கை ஊதாச் சாயத்தை உருவாக்கினார். 1865இல் ஜெர்மனியில் ‘பாடன் அனிலின் சோடா ஆலை’ தொடங்கப்பட்டது. அதன் ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகளே பி.ஏ.எஸ்.எப். என்பவை.

அடால்ப் வான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலார் பல ஆண்டுகள் முயன்று இண்டிகோவின் மூலக்கூறு அமைப்பை 1883இல் கண்டறிந்தார். 1905இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் 1897இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் செடியிலிருந்து கிடைத்த இண்டிகோ ஏறக்குறைய 19,000 டன் என்பர். 1914இல் அது 1,000 டன் அளவுக்குச் சுருங்கியது. இந்திய அவுரி வணிகத்தை வீழ்த்திய நிறுவனத்தின் பெயருக்குள்ளேயே நீலம் என்ற நம் சொல் ஒளிந்திருந்தது என்பது வியப்புக்குரியது.

நீலத்துக்குக் கொடுத்த விலை

இச்சாயத்தின் வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் அவுரி விளைந்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற பின் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் பக்கம் திரும்பியது. அங்கே தோட்டக்காரர்கள் உழவருக்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி போடும்படி கட்டாயப்படுத்தினர். கடன் தலைமுறை தாண்டியும் தீரவில்லை. 1859-60இல் வங்காள உழவர்கள் இனி அவுரி பயிரிடமாட்டோம் என்று எழுந்தனர். 1860இல் தீனபந்து மித்ரா ‘நீல் தர்பண்’ என்ற நாடகத்தை எழுதினார். நீலக் கண்ணாடி என்பது அதன் பொருள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

பீகாரின் சம்பாரணில் இக்கொடுமை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஒவ்வொரு 20 கத்தா நிலத்திலும் 3 கத்தாவில் அவுரி பயிரிட வேண்டும் என்பது அங்கிருந்த ‘தீன்கத்தியா’ முறை. செயற்கைச் சாயம் வந்து விலை விழுந்ததும், அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லித் தோட்டக்காரர்கள் குத்தகையை உயர்த்தினர். சிலரிடம் மொத்தமாகப் பணம் பறித்தனர். பயிரிட்டாலும் இழப்பு, பயிரிடாவிட்டாலும் இழப்பு என்ற நிலையில்தான் 1917இல் காந்தியடிகள் அங்கு சென்றார். 1918இல் சம்பாரண் வேளாண் சட்டம் வந்து தீன்கத்தியா முறை ஒழிந்தது. பாடநூலில் தனித்தனிப் பாடங்களாக வரும் பேயரின் ஆய்வும் சம்பாரண் போராட்டமும் உண்மையில் ஒரே நிகழ்ச்சித் தொடரின் இரு முனைகள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் உருவானதன் சுமை, கடைசியில் வயலில் நின்ற உழவனின் தலையில் இறங்கியது.

தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழில் நீலம் என்ற சொல் பழமையானது. சங்க நூல்களில் அது குவளைப் பூவையும் குறிக்கும். சலவைக்குப் போடும் பொருளுக்கும் நீலம் என்றே பெயர். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடாத வீடு ஒரு காலத்தில் இல்லை. நிறத்துக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லை வழங்குவது நமக்குப் புதிதன்று. இண்டிகோவும் அவ்வகைச் சொல்தான். நீலிக்கண்ணீர் என்ற வழக்கில் வரும் நீலி மட்டும் பழையனூர்க் கதையைச் சேர்ந்தவள். அவளுக்கும் அவுரிக்கும் தொடர்பில்லை.

மொழிபெயர்ப்போர் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம். வானவில், நிறமாலை பற்றிய பாடங்களில் கருநீலம் என்பதே போதும்; தேர்விலும் அதையே எழுத வேண்டும். துணி, சாயம், வணிகம், உழவர் போராட்டம் பற்றிய இடங்களில் அவுரி, அவுரிச்சாயம், அவுரிநீலம் என்று எழுதுவது பொருத்தம். சம்பாரண் உழவர்கள் ‘கருநீலம் பயிரிட்டனர்’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். திரை நிறங்களுக்கும் பெயர்களுக்கும் இண்டிகோ என்றே விட்டுவிடலாம்.

இன்றைய நிலை

அவுரி முற்றிலும் அழிந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அதைப் பயிரிட்டுச் சாயக்கட்டி எடுக்கிறார்கள். இயற்கைச் சாயத் துணிகளுக்கு வெளிநாட்டிலும் தேவை இருக்கிறது. நாட்டுமருந்துக் கடைகளில் மருதாணியோடு சேர்த்துத் தலைக்குப் பூசும் அவுரி இலைப்பொடி கிடைக்கிறது. உலகில் விற்கும் ஜீன்ஸ் துணிகளுக்கோ பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கை இண்டிகோவே பயன்படுகிறது. மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான்.

இந்தியாவிலிருந்து வந்தது என்று கிரேக்க வணிகர்கள் வைத்த பெயர், சரக்கு இந்தியாவிலிருந்து வருவது நின்ற பிறகும் மாறவில்லை. அகராதியில் இண்டிகோ என்ற சொல்லுக்கு நேரே கருநீலம் என்று படிக்கும் மாணவர், அதனருகே அவுரி என்ற சொல்லையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.